பதினோராவது படி

“அம்மா, என் கட்டடத்துல எமன் வந்து உக்காந்துட்டான்” என்றார் சவரிராயர்.

கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த செங்கமலத்தம்மாள் நிமிரவில்லை.

“எங்கே?”

“பதினோராவது படியில.”

“எழுந்திருக்கச் சொல்லுங்க” என்றார் அம்மாள். அடுத்த களையில் கை வைத்தார்.

சவரிராயருக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய குருவான செங்கமலத்தம்மாளுக்கு முப்பத்தெட்டு. ஆற்றங்கரையில் நாலு சுவரும் ஒரு கீரைத் தோட்டமுமாக இருந்த சின்ன மடத்தில் அம்மாள் தனியாக இருந்தார். மாதா கோயிலுக்குப் போகிற மனிதர், அதுவும் இத்தனை பெரிய மனிதர், சனிக்கிழமை தவறாமல் அங்கே போய் என்ன கேட்கிறார் என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது. பிறகு பேசி அலுத்துவிட்டது.

அவர் கட்டடங்கள் கட்டுகிறவர்.

புதுச்சேரியில் பிறந்து, ஒரு பிரெஞ்சுக்காரப் பொறியாளரிடம் கோடு போடக் கற்றுக்கொண்டவர். கிரேக்கத்தையும் ரோமாபுரியையும் அவர் கண்ணால் கண்டதில்லை. அந்தத் துரையின் படப் புத்தகத்தில் பார்த்தார். பார்த்த அன்றே மயங்கியவர்தான், இன்னும் தெளியவில்லை. நாற்பது வருஷமாக அவர் கட்டியதெல்லாம் ஒரே ஜாடை. வரிசையாக உயரத் தூண்கள், அவற்றின் தலையில் முக்கோண முகப்பு, நடுவில் வாசல், வாசலுக்கு இந்தப் பக்கம் எத்தனை ஜன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை ஜன்னல். உள்ளே அறையே இல்லாத இடத்தில்கூடக் கணக்குக்காக ஒரு பொய் ஜன்னல் வைப்பார்.

சுங்கச்சாவடி அவர் கட்டியது. ஜில்லா கோர்ட்டு, கலாசாலை, கடற்கரையில் இரண்டு பங்களா, ஒரு வியாபாரியின் கல்லறைகூட. எல்லாம் செங்கல்தான். மேலே சுண்ணாம்போடு முட்டை வெள்ளை சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, பளிங்கென்று வெள்ளைக்காரனே தடவிப் பார்த்து ஏமாறும்படி செய்துவிடுவார். தேய்ப்பது மேஸ்திரி பெரியாண்டவன். பெயர் வாங்குவது சவரிராயர். முப்பது வருஷமாக இரண்டு பேருக்கும் அதில் மனஸ்தாபம் வந்ததில்லை.

ஜனங்களுக்கு அந்தத் தூண்களைப் பார்த்தால் கோயில் மாதிரி இருக்கும். சுங்கச்சாவடி வாசலில் வெகுகாலம் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சாமி இல்லை, தீர்வை வாங்குகிற குமாஸ்தாதான் இருக்கிறார் என்று சவரிராயர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அவருக்காகத்தான் ஏற்றுகிறோம் என்றார்கள்.

அம்மாளிடம் அவர் முதலில் வந்தது சாய்ந்துபோன மடத்துச் சுவரைப் பார்க்க. சுவர் நிமிர்ந்தது. வேலை முடிந்தும் போகாமல் நின்று, தூண் என்றால் உண்மையில் என்ன என்று கேட்டார். அம்மாள் அப்போது துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கொடியின் ஒரு நுனியை மரத்தில் கட்டி, மறு நுனியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சவரிராயர் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார்.

துணி காய்ந்ததும் அம்மாள் வந்து எடுத்துக்கொண்டார். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பிடித்த சனிக்கிழமை, ஒன்பது வருஷமாக விடவில்லை.

“எழுந்திருக்க மாட்டேங்கறான்” என்றார் சவரிராயர் இப்போது. “பெரியாண்டவன்தான் அவனைக் கொண்டாந்து உக்கார வெச்சான். நீங்கதான் தீர்த்து வெக்கணும்.”

அவர் சொன்ன வழக்கு இது.

சின்னமங்கலம் ராணி ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டச் சொல்லியிருந்தார். எட்டுத் தூண் முகப்பு. சவரிராயருக்கு அதுதான் கடைசி வேலை. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணிலும் பனி படர ஆரம்பித்திருக்கிறது. இதையாவது ஒரு நூல் பிசகாமல் கட்டி, முழுசாக நின்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

நிலம் பள்ளம். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். அதனால் தளத்தை உயர்த்தி, வாசலுக்குப் பதினோரு படி வரைந்தார். படி எப்போதும் ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும் என்பது ரோமாபுரிச் சட்டம். முதல் படியில் வலது காலை வைத்தால், கடைசிப் படியிலும் வலது காலே வந்து சேரும். படப் புத்தகத்தில் அதைப் படித்த அன்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலது காலை எடுத்து வைத்து வா என்று நம் வீடுகளில் மருமகளுக்குச் சொல்வதைத்தான் அந்த ஊர்க்காரனும் கல்லில் கட்டி வைத்திருக்கிறான் என்று, கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

பெரியாண்டவன் பத்துப் படி கட்டினார். பத்தோடு நின்றார்.

அவர் படியை எண்ணுகிற விதம் வேறு. இந்திரன், எமன், ராஜா என்று எண்ணுவார். மூன்று முடிந்ததும் திரும்பவும் இந்திரன். கடைசிப் படி இந்திரனில் முடியலாம், ராஜாவில் முடியலாம், எமனில் மட்டும் முடியக் கூடாது. சவரிராயர் இதுவரை கட்டியதெல்லாம் ஏழு படி, ஒன்பது படி, ஒரே ஓர் இடத்தில் பதின்மூன்று. இரண்டு பேர் கணக்கும் தற்செயலாக ஒத்துப்போய்விட்டது. இப்போதுதான் மாட்டிக்கொண்டார்கள். பத்தாவது இந்திரன். பதினோராவது எமன்.

மேலே முழங்கால் உயரத்துக்கு இடைவெளி இருந்தது. அதில் ஒரு படி போட்டால் பதினொன்று. சின்னதாக இரண்டு போட்டால் பன்னிரண்டு.

பன்னிரண்டு போடுகிறேன், ராஜாவில் முடியட்டும் என்றார் பெரியாண்டவன். பன்னிரண்டென்றால் இடது காலில் முடியும், என் உயிர் இருக்கிறவரை நடக்காது என்றார் சவரிராயர். பேச்சு வளர்ந்தது. பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் எமனைக் காவல் வைக்கிறவன் நான் இல்லை என்று பெரியாண்டவன் சொல்ல, கரணை பிடிக்கிறவனுக்குக் கணக்கு எதற்கு என்று சவரிராயர் வாய்விட்டுவிட்டார்.

பெரியாண்டவன் கையிலிருந்த சாந்துக் கரணையைப் பத்தாவது படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அதோடு இருபது நாளாயிற்று. மற்றக் கொத்தனார்கள் மேஸ்திரி இல்லாமல் கல்லைத் தொட மாட்டோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை ராணி திறந்து வைக்க வருகிறார். ஆஸ்பத்திரிக்குப் பத்துப் படியும் மேலே ஓர் இடைவெளியும் இருக்கிறது.

இத்தனையும் சொல்லி முடித்த பிறகு சவரிராயர் கொஞ்சம் மெதுவாக, “அவன் என்கிட்ட பேசறதில்லம்மா” என்றார்.

அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“பதினொண்ணா, பன்னெண்டா? நீங்க சொன்னா அவனும் கேப்பான்.”

அம்மாள் பிடுங்கிய களையையெல்லாம் அள்ளி அவர் கையில் கொடுத்து, மாட்டுக்குப் போடச் சொன்னார். காலையில் ஆஸ்பத்திரிக்கு வருவதாகவும், இரண்டு பேரும் அங்கே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை இரண்டு பேரும் இருந்தார்கள். இந்தக் கடைசித் தூணடியில் ஒருவர், அந்தக் கடைசித் தூணடியில் ஒருவர். சண்டையிலும் முகப்பின் கணக்குத் தப்பவில்லை.

உள்ளே டாக்டர் கிரேஸ் சற்குணம் நர்சுகளோடு கட்டில்களைப் போட்டுக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்து நாலு நாளாகிறது. மருந்து வந்த மரப் பெட்டியைப் பத்தாவது படியில் போட்டு, அதன் மேல் ஏறித்தான் தினமும் உள்ளே போகிறார். வழுக்கி விழுந்தால் இந்த ஆஸ்பத்திரியின் முதல் நோயாளி நான்தான் என்று இரண்டு தூணுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாளின் ஒற்றை மாட்டு வண்டி வந்தது. ஓட்டி வந்தது அவரேதான். பின்னால் வைக்கோலின் மேல் ஒரு பெண் சாய்ந்திருந்தாள். நிறைமாதம். முகமெல்லாம் வியர்வை.

வயலிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தவள், பேர் தைலம்மை, புளியமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஏற்றிக்கொண்டேன் என்றார் அம்மாள்.

சவரிராயர் தம் வழக்கை ஆரம்பித்தார்.

“மொதல்ல இவளை ஏத்துவோம்” என்றார் அம்மாள்.

தைலம்மை படிக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். தூணையோ முக்கோணத்தையோ அல்ல. படி எத்தனை என்று பார்த்தாள். பிறகு அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வைத்தாள். மற்றொரு காலையும் இழுத்து அதே படியில் வைத்தாள். மூச்சு வாங்கினாள். மறுபடி ஒரு கால். மறுபடி அதே படியில் மற்றக் கால்.

நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். வலி போகிறவரை இருந்துவிட்டு எழுந்தாள்.

சவரிராயர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வரைந்த படிகளில் நீதிபதிகள் ஏறியிருக்கிறார்கள், கலாசாலை வாத்தியார்கள் ஏறியிருக்கிறார்கள், ஒரு கவர்னர்கூட ஏறியிருக்கிறார். ஒரு பிள்ளைத்தாய்ச்சி படியேறுவதை அவர் அன்றுதான் பார்த்தார். பதினொன்றும் வேண்டாம், பன்னிரண்டும் வேண்டாம், மூன்று வைத்திருக்கக் கூடாதா என்று தம் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

பத்தாவது படியில் தைலம்மை நின்றாள். எதிரே முழங்கால் உயரத்துக்குத் தளம். மரப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். முடியாது என்று தலையாட்டினாள். அடுத்த வலி அவளை அப்படியே குனிய வைத்தது.

டாக்டர் வாசலுக்கு ஓடி வந்தார். பெட்டியில் ஏற்ற வேண்டாம், தூக்குங்கள் என்றார்.

அம்மாள் அந்தக் கடைசித் தூணையும் இந்தக் கடைசித் தூணையும் பார்த்தார்.

“வாங்க ரெண்டு பேரும்.”

இரண்டு கிழவர்களும் படியேறி வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சின்ன வயதில் எல்லோரும் விளையாடியதுதான், தன் மணிக்கட்டைத் தானே பிடித்து, மறு கையால் எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்தால் நடுவில் ஒரு நாற்காலி வந்துவிடும். பெரியாண்டவனின் உள்ளங்கை சுண்ணாம்பில் வெந்து வெடித்து, உலர்ந்த மரப்பட்டைபோல இருந்தது. சவரிராயர் அதை இருபது நாளுக்குப் பிறகு தொட்டார்.

தைலம்மை உட்கார்ந்தாள். இரண்டு பேர் கழுத்தையும் வளைத்துப் பிடித்தாள். சவரிராயரின் காதிலேயே ஓர் அலறல் அலறினாள்.

“தூக்குங்கய்யா” என்றார் பெரியாண்டவன்.

தூக்கினார்கள். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, ஒருவருக்கு முழங்கால் நடுங்கியது. எப்படியோ அவள் மேலே போய்ச் சேர்ந்தாள். நர்சுகள் வாங்கிக்கொண்டார்கள். அம்மாளும் தளத்தில் கையூன்றி ஏறி உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

இரண்டு பேரும் பத்தாவது படியில் உட்கார்ந்தார்கள். நடுவில் கரணை கிடந்தது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

சவரிராயர் தற்செயலாகத் திரும்பினார். பெரியாண்டவன் கையிலெடுத்த வெற்றிலையைப் போடாமல் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார். எழுபதடி சாரத்தில் நின்று வெற்றிலை போடுகிற மனிதர் அவர்.

“என்ன மேஸ்திரி?”

பெரியாண்டவன் கேட்காததற்குப் பதில் சொல்வதுபோல, தரையைப் பார்த்துச் சொன்னார்.

“எனக்கு மொதல்ல ஒரு வீட்டுக்காரி இருந்தா. உங்ககிட்ட வேலைக்கு வர்றதுக்கு முன்ன. புள்ளப் பேத்துல போயிட்டா. புள்ளையும் நிக்கல.”

முப்பது வருஷத்தில் இது சவரிராயருக்குத் தெரியாது.

“அந்த வூட்ட நாந்தான் கட்டினேன். புதுசா தொழில் கத்த திமிரு. வாசலுக்கு அஞ்சு படி. எண்ணிப் பாக்கல.”

சவரிராயர் மனத்துக்குள் எண்ணினார். இந்திரன், எமன், ராஜா, இந்திரன். அதற்கு மேல் எண்ணத் தைரியம் வரவில்லை. கரணை பிடிக்கிறவனுக்குக் கணக்கு எதற்கு என்று தாம் கேட்டது ஞாபகம் வந்து அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, அழுதார்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பன்னெண்டாவே போடு மேஸ்திரி” என்றார்.

பெரியாண்டவன் தலையாட்டினார்.

“இல்லீங்க. பதினொண்ணே இருக்கட்டும்.”

“எதுக்கு? பன்னெண்டுங்கறேன்.”

“அந்தப் பொண்ணு ஏறினதப் பாத்தீங்கல்ல. வலி தாங்காம வர்றவ உள்ள போறப்ப வலது கால்ல போகட்டுமே. நீங்க சொன்னதுதான் சரி.”

“நான் சொன்னது ஒண்ணும் சரியில்ல. எவனோ ரோமாபுரிக்காரன் சொன்னது. அவன் பிரசவம் பார்த்தானா? பன்னெண்டு போடு.”

“போட மாட்டேங்க. உங்க கடைசிக் கட்டடம். அதுல நான் குத்தம் வெக்க மாட்டேன்.”

பன்னிரண்டில் முடித்தால் தளத்தில் கால் வைக்கும்போது எப்படியும் வலது கால்தான் வரும் என்று சவரிராயர் புதிதாக ஒரு நியாயம் கண்டுபிடித்தார். அப்படித் தளத்தையும் கணக்கில் சேர்த்தால் பதினொன்றே பன்னிரண்டாகிவிடும், ராஜா தானே வந்துவிடுவார் என்றார் பெரியாண்டவன். இந்த யோசனை இருபது நாளுக்கு முன்னால் எங்கே போயிருந்தது என்று சவரிராயர் கேட்டார். நீங்கள் எங்கே பேச விட்டீர்கள் என்று பெரியாண்டவன் திருப்பிக் கேட்டார்.

குரல் ஏறிவிட்டது. முதல் சண்டையைவிட இது பெரிதாகப் போயிற்று. எதிர்க்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுவரை பதினொன்று என்றவர் பன்னிரண்டு என்கிறார், பன்னிரண்டு என்றவர் பதினொன்று என்கிறார், இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பாகவும் இருக்கிறது.

உள்ளே சத்தம் அடங்கியதையோ, கதவு திறந்ததையோ கிழவர்கள் கவனிக்கவில்லை.

அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

பெரியாண்டவன்தான் முதலில் பார்த்தார். சட்டென்று எழுந்து நின்றார்.

“ரெண்டு உசுரும் சுகம், மேஸ்திரி” என்றார் அம்மாள். “பொட்டப் புள்ள.”

பெரியாண்டவன் அருகிலிருந்த தூணில் சாய்ந்து அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அவரே தேய்த்துப் பளபளப்பாக்கிய தூண். சவரிராயர் எழுந்து போய் அவர் முதுகைத் தட்டினார். தட்டியவருக்கும் தட்டு வாங்கியவருக்கும் சேர்ந்து சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கடைக்காரர்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் சவரிராயருக்கு வழக்கு ஞாபகம் வந்தது. ராணி வெள்ளிக்கிழமை வருகிறார். ஆள்கள் இன்றைக்கே கல்லை எடுக்க வேண்டும்.

“அம்மா, இவன் பதினொண்ணுதான்னு நிக்கிறான். நான் பன்னெண்டுங்கறேன். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எத்தனை படி போட்டா நல்லபடியா வலது காலை வெச்சு உள்ள வரலாம்?”

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. தூணுக்குத் தூண் அது எதிரொலித்தது. அம்மாள் காதைக் கொடுத்து அதைக் கேட்டார்.

“எனக்கெங்கே தெரியும்? இந்தக் கட்டடத்துக்குள்ள மொதமொதல்ல பொறந்து வந்தவ இப்பத்தான் வந்தா. அவ காலையே வெக்கல, ராயரே. தலைய வெச்சில்ல வந்திருக்கா.”